ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிய பிறகு: சக மதிப்பாய்வு பற்றிக் கட்டுரையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவரும், பல கட்டுரைகள் வெளியிட்ட பேராசிரியரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஏன் இவ்வளவு தாமதம், இந்த ரிவியூவர் ஏன் இப்படி எழுதியிருக்கிறார், மறுத்துப் பேசலாமா, நிராகரித்துவிட்டால் அடுத்து என்ன? சக மதிப்பாய்வு (ரிவியூ) என்பது, இதழுக்கு வந்த கட்டுரையை அதே துறை அறிந்தவர்கள் (ரிவியூவர்கள்) படித்து, வெளியிடலாமா என்று இதழின் ஆசிரியருக்கு (எடிட்டர்) அறிக்கை தருவது. துறைக்குத் துறை வழக்கம் மாறும் என்றாலும் அடிப்படை எங்கும் ஒன்றுதான். கட்டுரையாளர் பக்கம் நின்று இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் உள்ளே என்னதான் நடக்கிறது?

முதலில் இதழின் அலுவலகம் பார்க்கும். சொல் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா, எழுத்துத் திருட்டுச் சோதனையில் ஏதாவது சிக்குகிறதா, மனிதர்களிடம் செய்த ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் நடப்பவை. அதைத் தாண்டினால் தலைமை எடிட்டர் பார்ப்பார். அவர் உங்கள் துறைக்கு நெருக்கமான ஒரு துணை எடிட்டரிடம் ஒப்படைப்பார். ரிவியூவுக்கு அனுப்பலாமா, இப்போதே திருப்பிவிடலாமா என்பதை இவர்களில் ஒருவர் தீர்மானிப்பார்.

அனுப்புவதென்று முடிவானால் ரிவியூவர் தேடும் படலம். நாட்கள் கரைவது இங்கேதான். அழைப்பு அனுப்பினால் சிலர் முடியாது என்பார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள், சிலர் ஒப்புக்கொண்டுவிட்டுக் காணாமல் போவார்கள். பலரைக் கேட்ட பிறகே இரண்டு பேர் அகப்படுவார்கள். அவர்கள் ஊதியம் இல்லாமல், தங்கள் வகுப்பு, ஆய்வு, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே படித்து அறிக்கை எழுதுகிறார்கள். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ரிவியூவர்கள் செலவிட்ட நேரம் 10 கோடி மணி நேரத்துக்கும் மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அறிக்கைகள் வந்ததும் எடிட்டர் அவற்றையும் கட்டுரையையும் சேர்த்துப் படித்து முடிவெடுப்பார். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைக்கும்: ரிவியூவர் ஆலோசனை சொல்பவர், முடிவெடுப்பவர் எடிட்டர். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் கடைசியில் எடிட்டர் படிப்பதற்காகத்தான்.

அறிவியல் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தானா?

இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிகல் ட்ரான்ஸாக்ஷன்ஸ்' 1665-இல் தொடங்கியபோது எதை அச்சிடுவது என்பதை ஹென்றி ஓல்டன்பர்க் என்ற ஒருவரே தீர்மானித்தார். எழுத்து மூலமான மதிப்பாய்வு அறிக்கைகள் அங்கே 1830-களில்தான் வந்தன. 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைகளையும் வெளி ரிவியூவர்களுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது 1973-இல். டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953-இல் அந்த இதழில் வெளிவந்தது ரிவியூ இல்லாமலேதான்.

ஐன்ஸ்டைன் கதை இங்கே சொல்லத் தக்கது. 1936-இல் அவரும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இருக்க முடியாது என்று ஒரு கட்டுரை எழுதி 'ஃபிசிகல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை ஒரு ரிவியூவருக்கு அனுப்பினார். பிழையைச் சுட்டிக்காட்டி நீண்ட அறிக்கை வந்தது. அச்சிடத்தான் கொடுத்தோமே தவிர அதற்கு முன் நிபுணர்களிடம் காட்ட அனுமதி தரவில்லை என்று ஐன்ஸ்டைன் கோபத்துடன் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது அதன் முடிவு தலைகீழாகத் திருத்தப்பட்டிருந்தது. ரிவியூவர் சொன்னது சரி. அவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டுகள் கழித்து, அந்த இதழின் பழைய பதிவேடுகளைப் பார்த்தபோதுதான் உறுதியானது.

ரிவியூ அறிக்கையைப் படித்ததும் கோபம் வராதவர் யாருமில்லை. கோபம் வந்தது என்பதாலேயே அறிக்கை தவறென்று ஆகிவிடாது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

துறையைப் பொறுத்தது. கட்டுரையாளர்கள் தாங்களே பதிவு செய்த 3,500 ரிவியூ அனுபவங்களை வைத்து 2017-இல் 'சயின்டோமெட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவம், பொதுச் சுகாதாரம், இயற்கை அறிவியல் துறைகளில் காத்திருப்பு குறைவு. கணிதம், கணினி அறிவியல், சமூக அறிவியல், பொருளியல் துறைகளிலும், மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களிலும் அதிகம். ஒரு துறையில் சில வாரங்களில் முடிவது இன்னொன்றில் ஆறு மாதத்தைத் தாண்டும்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டவை வேறு. ரிவியூவுக்கு அனுப்பாமலே திருப்புவதற்கு இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு 2 வாரத்துக்கு மேலும், ஆறில் ஒரு பங்கு 4 வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொண்டன. அந்தக் கட்டத்தில் வெளி ரிவியூவர் எவரும் இல்லை. ஆகவே தாமதத்துக்கு முழுப் பழியையும் ரிவியூவர் தலையில் போடுவது நியாயமில்லை, இதழ் அலுவலகத்துக்குள்ளேயே தேக்கம் இருக்கிறது. இன்னொன்று: நீண்ட காலம் பிடிக்கும் துறைகளில் இருப்பவர்களே தங்கள் அனுபவத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனம் அதற்குத் தயாராகிவிடுகிறது. கட்டுரையாளர்கள் எதைப் பாராட்டினார்கள் என்று பார்த்தால், ரிவியூவர் சொன்னதை அப்படியே கடத்தாமல் சொந்தமாக ஒரு நிலை எடுக்கும் எடிட்டரையும், நடப்பதை ஒழுங்காகத் தெரிவிக்கும் எடிட்டரையும்தான்.

ஆகவே அனுப்பும் முன்பே உங்கள் துறையில் அந்த இதழுக்கு அண்மையில் எழுதிய இரண்டு பேரிடம் கேளுங்கள். வெளியான கட்டுரைகளின் முதல் பக்கத்தில் பெறப்பட்ட நாள், திருத்தப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் மூன்றும் பல இதழ்களில் அச்சாகியிருக்கும். பத்துக் கட்டுரைகளைப் புரட்டினால் கணக்குத் தெரிந்துவிடும்.

இதழின் இணையதளத்தில் கட்டுரையின் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

தினமும் நாலு தடவை திறந்து பார்ப்பவர்களுக்காக: 'வித் எடிட்டர்' என்றால் எடிட்டர் கையில் இருக்கிறது, ஒருவேளை ரிவியூவர் தேடிக்கொண்டிருக்கலாம். 'அண்டர் ரிவியூ' என்றால் பெரும்பாலும் யாராவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள தேதி மட்டும் மாறினால், ஒருவர் அறிக்கை அனுப்பியிருக்கலாம் அல்லது புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கலாம். 'ரிக்வயர்ட் ரிவியூஸ் கம்ப்ளீட்டட்' (வேண்டிய அறிக்கைகள் வந்துவிட்டன) என்று வந்துவிட்டு மறுபடி 'அண்டர் ரிவியூ' ஆனால், வந்த அறிக்கைகள் முரண்பட்டதால் எடிட்டர் இன்னொருவரைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றிலிருந்து முடிவை ஊகிக்க வழியே இல்லை. அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

தாமதமானால் எழுதிக் கேட்கலாமா? கோபித்துக்கொள்வார்களோ?

தாராளமாகக் கேட்கலாம். அந்த இதழின் வழக்கமான காலம் கடந்துவிட்டதென்றால் கேட்பது உங்கள் உரிமை. மூன்று வரி போதும்: கட்டுரையின் எண், அனுப்பிய நாள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி. குறையும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நின்றுபோன கட்டுரை இப்படி ஒரு கடிதத்தால் நகர்வது உண்டு, ஏனென்றால் ஒப்புக்கொண்ட ரிவியூவர் மறந்திருப்பார், எடிட்டரும் கவனித்திருக்க மாட்டார். பட்டம் முடிக்கும் நாள் நெருங்குகிறது என்பது போன்ற உண்மையான காரணம் இருந்தால் ஒரு வரியில் சொல்லலாம்.

கேட்டும் மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி, அதற்கு உறுதி வந்த பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களிடம் ஒரே கட்டுரை இருப்பது கடுமையான நெறிமுறை மீறல்.

ரிவியூவுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டார்கள். கட்டுரை அவ்வளவு மோசமா?

பெரும்பாலும் இல்லை. டெஸ்க் ரிஜெக்ட் என்பது பொருத்தம் பற்றிய முடிவு. இந்த இதழின் வாசகர்களுக்கு இது உரியதல்ல, அல்லது புதிதாக என்ன சொல்கிறது என்பது முதல் பக்கத்தில் தெரியவில்லை என்பதே வழக்கமான காரணம். வேகமாக வந்த டெஸ்க் ரிஜெக்ட்டை நல்லதாகவே எடுத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் வீணாகவில்லை. சுருக்கத்தையும் முன்னுரையையும் திருத்தி எழுதி, பொருத்தமான இதழைத் தேடி அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.

ரிவியூவர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொல்கிறார்கள். யாரைச் சொல்வது?

உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய, ஆனால் உங்களோடு சேர்ந்து எழுதாத, உங்கள் கல்லூரித் துறையிலேயே பணியாற்றாத, வழிகாட்டியாக இருந்திராத ஆட்கள். நிறுவன மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். இதில் இதழ்கள் இப்போது இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2014-இல் 'ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்ட் கண்ட்ரோல்' இதழ் தான் வெளியிட்ட 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலி ரிவியூவர் கணக்குகளை உருவாக்கித் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மதிப்பிட்டுக்கொண்ட கும்பலொன்று அதில் பிடிபட்டது.

கட்டுரை யாரிடம் போகக்கூடாது என்று சொல்லவும் பல இதழ்கள் இடம் தருகின்றன. உண்மையான மோதல் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டு பெயருக்கு மேல் போக வேண்டாம்.

மேஜர் ரிவிஷன் (பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி அனுப்பவும்) என்று வந்திருக்கிறது. இது நாகரிகமான நிராகரிப்பா?

இல்லவே இல்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். எடிட்டர் உங்கள் கட்டுரைக்கு இன்னொரு சுற்று ஒதுக்கத் தயாராக இருக்கிறார். மனம் தளர்ந்து கட்டுரையைக் கிடப்பில் போடுவதுதான் இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத காரியம். எடிட்டரின் கடிதத்தை மறுபடி நிதானமாகப் படியுங்கள். 'குறிப்பாக இரண்டாம் ரிவியூவரின் முதல் கருத்தைக் கவனிக்கவும்' என்பது போல ஒரு வரி அதில் இருந்தால் முடிவு அதைப் பொறுத்தது.

இரண்டு ரிவியூவர்களும் நேர் எதிராகச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஒருவர் 'அருமை, சிறு திருத்தம் போதும்' என்பார், மற்றவர் 'வெளியிடத் தகுதியில்லை' என்பார். இது அபூர்வமல்ல. நியூரிப்ஸ் என்ற பெரிய கணினி அறிவியல் மாநாடு 2014-இல் 166 கட்டுரைகளைத் தனித்தனியாக இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. சுமார் கால் பங்குக் கட்டுரைகளில் முடிவு மாறியது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழு நிராகரித்தது. மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் அடையாளம் காண்பது எளிது, நடுவில் இருக்கும் பெரும்பகுதியில் ஆளுக்கு ஆள் தீர்ப்பு வேறுபடும்.

எடிட்டர் எந்தப் பக்கம் என்று கடிதத்தில் குறிப்பு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு நிலை எடுத்து, பதில் கடிதத்தில் முரண்பாட்டை வெளிப்படையாக எழுதுங்கள்: 'கோட்பாட்டுப் பகுதியைச் சுருக்குமாறு முதல் ரிவியூவரும் விரிக்குமாறு இரண்டாம் ரிவியூவரும் கேட்டிருக்கிறார்கள். முதன்மைக் கேள்விக்கு நேரடியாகத் தேவையானதை மட்டும் வைத்து, மீதியைப் பின்னிணைப்புக்கு மாற்றியிருக்கிறோம்.' எடிட்டருக்கு உங்கள் காரணம் புரிந்தால் போதும்.

பதில் கடிதம் எப்படி எழுத வேண்டும்?

கட்டுரையின் தலைவிதியை மாற்றும் வல்லமை உங்கள் கையில் மிச்சமிருப்பது இந்தக் கடிதத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிக்கை வந்த அன்று பதில் எழுதாதீர்கள். மறுநாளோ அடுத்த வாரமோ, எல்லாக் கருத்துகளையும் ஒரு கோப்பில் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து எண்ணிடுங்கள். ஒரு பத்தியில் மூன்று குறை சொல்லியிருந்தால் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றையும் விடக்கூடாது. பதிலில்லாத கருத்து ஒன்றிருந்தாலும் ரிவியூவர் கண் அங்கேதான் போகும். ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று எழுதி, மாற்றிய வாக்கியத்தை அங்கேயே எடுத்துப் போடுங்கள். எடிட்டர் கட்டுரையைத் திறக்காமலே முடிவுக்கு வர முடிய வேண்டும்.

ஓர் உதாரணம். ரிவியூவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'மாதிரி அளவு மிகச் சிறியது. இதை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது.'

பலர் எழுதும் பதில்: 'ரிவியூவரின் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. இத்துறையில் பல ஆய்வுகள் இதைவிடச் சிறிய மாதிரியையே பயன்படுத்தியுள்ளன. எனவே எங்கள் மாதிரி போதுமானது.' பணிவாகத் தோன்றும், ஆனால் இதில் எதுவும் மாறவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது வாதமுமல்ல.

எடுபடும் பதில்: 'ஒப்புக்கொள்கிறோம். 40 பேர் கொண்ட மாதிரியால் பெரிய விளைவை மட்டுமே நம்பகமாகக் கண்டறிய முடியும். அதைக் காட்டும் கணக்கீட்டைப் பக்கம் 7-இல் சேர்த்துள்ளோம். சுருக்கத்தில் 'நிறுவுகிறது' என்றிருந்ததை 'சுட்டுகிறது' என்று மாற்றியுள்ளோம். பக்கம் 15-இல் இந்த வரம்பை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பத்தி சேர்த்துள்ளோம்.' மாதிரியைப் பெரிதாக்க இவராலும் முடியவில்லை. ஆனால் ரிவியூவர் சொன்னதில் இருந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டுரை சொல்லும் முடிவை அதற்கேற்ப அடக்கிவிட்டார். ரிவியூவர்கள் பெரும்பாலும் புதிய பரிசோதனையைவிட அளவறிந்த முடிவையே எதிர்பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பதிலையும் 'மதிப்புமிக்க', 'ஆழமான', 'நுட்பமான' என்று தொடங்க வேண்டாம். தொடக்கத்தில் ஒரு நன்றி போதும்.

ரிவியூவர் சொல்வது தெளிவாகவே தவறு. மறுக்கலாமா?

மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். இதழ் ஏற்க வேண்டும் என்பதற்காகவே தவறென்று தெரிந்த ஒன்றைக் கட்டுரையில் நுழைத்தால் அதற்குக் கீழே இருக்கப்போவது உங்கள் பெயர். ஆனால் ஆள் விஷயம் தெரியாதவர் என்று எழுதாமல், விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தரவு, சூத்திரம், வெளியான சான்று என்று எதையாவது காட்டுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் கட்டுரையின் அந்த இடத்தில் ஒரு வாக்கியமாவது மாற்றுங்கள். துறை அறிந்த ஒருவர் கவனமாகப் படித்தும் பிடிபடாத இடம் மற்ற வாசகர்களுக்கும் பிடிபடாது.

ரிவியூவர் தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறாரே?

பொருத்தமானதை மட்டும் சேருங்கள். மீதியை ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லுங்கள். ஐந்தும் ஒரே ஆளுடையவை, உங்கள் பொருளோடு தொடர்பில்லாதவை என்றால் எடிட்டருக்கு மட்டும் போகும் தனிக் கடிதத்தில் அதைத் தெரிவியுங்கள். வெளியீட்டு நெறிமுறைக்காக 1997 முதல் இயங்கும் 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதல், மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதற்காகத் தன் கட்டுரைகளைப் பரிந்துரைக்கக்கூடாது என்று ரிவியூவர்களுக்குச் சொல்கிறது.

அறிக்கை அவமானப்படுத்துவதுபோல் இருக்கிறது. சகித்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. 46 நாடுகளைச் சேர்ந்த 1,106 அறிவியலாளர்களிடம் கேட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது தொழில்நேர்மையற்ற அறிக்கை பெற்றதாகச் சொன்னார்கள். கட்டுரையை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது, ஆதாரமில்லாமல் திறமையை இகழ்வது போன்றவை அதில் அடங்கும். அதன் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பெண்களும், துறையில் சிறுபான்மையாக இருக்கும் பிரிவினரும் தங்கள் திறமையின் மீதே அதிகம் சந்தேகம் கொண்டார்கள், அவர்களுடைய வேலையும் அதிகம் பாதிக்கப்பட்டது.

இது எனக்கு ஆறாத கோபம் தரும் விஷயம். நன்றாகச் செய்துகொண்டிருந்த மாணவர்கள் ஒரு பத்தி வசவினால் ஒரு வருடம் எழுதாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுதியவருக்குப் பெயரில்லை, அனுப்பிவைத்த எடிட்டருக்கு இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புவது அவருடைய பொறுப்பு. ஆகவே எடிட்டருக்கு எழுதுங்கள்: எந்த வாக்கியம் என்று எடுத்துக் காட்டி, அறிவியல் கருத்துகளுக்குப் பதில் தருகிறோம், இந்த வாக்கியத்தை இதழ் எப்படிப் பார்க்கிறது என்று தெரிவிக்கவும் என்று கேளுங்கள். மாணவராக இருந்தால் வழிகாட்டி இதை எழுதட்டும். வழிகாட்டிகளே, இதை மாணவர் தலையில் விட்டுவிடாதீர்கள். அறிக்கையை முதலில் நீங்கள் படித்து, வசவை நீக்கிவிட்டு, செய்ய வேண்டிய வேலையை மட்டும் பட்டியலிட்டு மாணவரிடம் கொடுத்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

'ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்தவும்' என்று எழுதுகிறார்கள். என்ன செய்வது?

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த வாக்கியமல்ல. 8 நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் கேட்டு 2023-இல் 'பிளாஸ் பயாலஜி' வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம். திருத்தக் கட்டத்தில் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தச் சொல்வது சுமார் 12 மடங்கு அதிகம். பெயரையும் நாட்டையும் பார்த்துவிட்டே இதை எழுதுவோரும் உண்டு என்பதைப் பலர் அனுபவத்தில் அறிவார்கள்.

குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் வாசிக்கட்டும். அதன் பின்னும் பொதுவாக 'ஆங்கிலம் சரியில்லை' என்று மட்டும் வந்தால், எந்த வாக்கியங்கள் புரியவில்லை என்று குறிப்பிட்டால் திருத்துகிறோம் என்று பதிலில் கேட்பதில் தவறே இல்லை.

கட்டுரையாளர் பெயர் ரிவியூவருக்குத் தெரிவதால் பாரபட்சம் நடக்கிறதா?

நடக்கிறது. 2022-இல் வந்த ஒரு பரிசோதனையில் ஒரே பொருளியல் கட்டுரையை நூற்றுக்கணக்கான ரிவியூவர்களிடம் கொடுத்தார்கள். எழுதியவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித், மற்றவர் அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர். இளையவர் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 65 விழுக்காட்டினர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே காட்டாதபோது 48. ஸ்மித் பெயர் தெரிந்தபோது 23.

இரு பக்கமும் பெயர் மறைக்கும் முறை இதைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. முன்னச்சையும் (இதழில் வரும் முன்பே கட்டுரையாளர் இணையத்தில் பொதுவாக வெளியிடும் வடிவம்) மேற்கோள் பட்டியலையும் பார்த்து ஊகிப்பவர்கள் ஊகிப்பார்கள். தேர்வு உங்களிடம் விடப்பட்டிருந்தால், இளம் ஆய்வாளர்கள் பெயர் மறைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

ரிவியூவர் உண்மைப் பிழை செய்து, அந்தப் பிழையின் மேலேயே முடிவு நிற்கிறது என்று காட்ட முடிந்தால் செய்யலாம். 'முக்கியத்துவம் போதாது' என்ற தீர்ப்புக்கு எதிராகச் செய்தால் பெரும்பாலும் நேரம்தான் போகும்.

அப்படியானால் அடுத்த இதழுக்கு அப்படியே அனுப்பிவிடலாமா?

அனுப்புங்கள், ஆனால் அப்படியே வேண்டாம். சிறிய துறைகளில் அதே ரிவியூவரிடமே அது மறுபடி போய்ச் சேரும். தான் சுட்டிக்காட்டிய பிழை அப்படியே இருப்பதைப் பார்த்தால் அவர் என்ன எழுதுவார் என்று சொல்லத் தேவையில்லை.

நிராகரிப்பு ஒரு கட்டுரையை மேம்படுத்தவும் கூடும் என்பதற்கு ஹிக்ஸ் கட்டுரை நல்ல சான்று. 1964-இல் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸின் இரண்டாவது கட்டுரையை 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' திருப்பிவிட்டது. அவர் தன் கோட்பாட்டின் விளைவுகளைச் சற்று விரித்து எழுதிச் சேர்த்து 'ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற குறிப்பு அந்தச் சேர்க்கையில்தான் வந்தது. பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃபின் 'எலுமிச்சைச் சந்தை' கட்டுரையை (அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்றால் ஓட்டைக் கார்) மூன்று இதழ்கள் மறுத்த பிறகு நான்காவது இதழ் 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மருத்துவ இயற்பியலாளர் ரோசலின் யாலோ தனக்கு 1955-இல் வந்த நிராகரிப்புக் கடிதத்தைத் தன் 1977 நோபல் உரையிலேயே சேர்த்தார்.

இவை விதிவிலக்குகள் என்பது எனக்கும் தெரியும். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஓர் இதழின் முடிவு அந்த இதழின் முடிவு மட்டுமே.

ரிவியூவர் என் யோசனையை எடுத்துக்கொண்டால்?

அபூர்வம், ஆனால் அச்சம் நியாயமானது. முன்னச்சுத் தளத்தில் போட்டுவிடுவதே நல்ல பாதுகாப்பு. இயற்பியல், கணிதம் போன்ற துறைகளுக்கு 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவும், உயிரியலுக்கு 2013-இல் தொடங்கிய பயோஆர்க்கைவும் இருக்கின்றன. நாள் குறிக்கப்பட்டுப் பொதுவெளியில் வந்துவிட்டால் யார் முதலில் என்ற கேள்வி எழாது. உங்கள் இதழ் முன்னச்சை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறார்கள். நல்ல செய்தியா?

அறிக்கையில் உள்ளடக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் விலகுங்கள். ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் வேண்டுமென்றே பெரும் பிழைகள் கொண்ட ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து வாசகரிடம் கட்டணம் வாங்காத திறந்த அணுக்க இதழ்கள் 304-க்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013-இல் 'சயின்ஸ்' இதை வெளியிட்டது. கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் படிக்காமல் ஏற்பதுதான் அடையாளம்.

அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

உங்கள் கட்டுரைக்கே உரிய எதையும் தொடாமல், எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் அறிவுரைகளும் உலகில் இல்லாத மேற்கோள்களும் இருந்தால் சந்தேகம் இயல்பு. நிரூபிக்க முயலாதீர்கள். இல்லாத மேற்கோளைச் சுட்டிக்காட்டி எடிட்டருக்கு எழுதுங்கள், அதுவே போதும். பிரசுரமாகாத கட்டுரையை இத்தகைய கருவிகளில் ஏற்றுவது ரகசியக் காப்புக்கு எதிரானது என்று பல பதிப்பகங்கள் விதித்துள்ளன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களும் நிதி விண்ணப்ப மதிப்பாய்வில் இதை 2023-இல் தடை செய்தன. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் 'நல்ல விதமாக மட்டும் மதிப்பிடு' என்று செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டளை பதுக்கிய கட்டுரைகள் 2025-இல் ஆர்க்கைவில் அகப்பட்டன. யாராவது இந்த வழியைச் சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள், கண்டுபிடிக்கப்பட்டால் கட்டுரையோடு பெயரும் போகும்.

ரிவியூவைத் தாண்டி வந்துவிட்டால் கட்டுரை சரியென்று பொருளா?

இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்தார்கள் என்று பொருள். 1998-இல் ஒரு சோதனையில் 8 குறைகள் வேண்டுமென்றே நுழைக்கப்பட்ட கட்டுரையை ரிவியூவர்களிடம் கொடுத்தபோது சராசரியாக 2 மட்டுமே சுட்டிக்காட்டப்பட்டன. அதே ஆண்டு 'லான்செட்' வெளியிட்ட, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த வேக்ஃபீல்ட் கட்டுரை 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே பிழையை ரிவியூவர் பிடித்துக்கொள்வார் என்று நம்பி அனுப்பாதீர்கள்.

ரிவியூ செய்யச் சொல்லி எனக்கே அழைப்பு வந்திருக்கிறது. ஏற்கலாமா?

பொருள் தெரியும், முரண்பட்ட நலன் எதுவும் இல்லை, கெடுவுக்குள் முடிக்க முடியும் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையும் இரண்டு மூன்று பேரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அந்தக் கணக்கில் நீங்களும் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும். முடியாதென்றால் அன்றைக்கே மறுத்துவிட்டு, இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். எடிட்டருக்கு அது பேருதவி, அந்தப் பக்கம் காத்திருப்பவருக்கு ஒரு மாதம் மிச்சம்.

ஏற்றுக்கொண்டால், கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதித் தொடங்குங்கள். செய்தே ஆக வேண்டியவற்றையும் செய்தால் நல்லது என்பவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். 'முந்தைய ஆய்வுகளைப் போதிய அளவு பார்க்கவில்லை' என்று நிறுத்தாமல் எந்த ஆய்வு விடுபட்டது என்று சொல்லுங்கள். மாணவர் உதவியோடு படித்தால் முன்பே எடிட்டரிடம் அனுமதி வாங்கி, அவர் பெயரையும் தெரிவியுங்கள், உழைத்தது அவரென்றால் அங்கீகாரமும் அவருக்கே போக வேண்டும். அனுப்பும் முன் அறிக்கையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். நேரில் அந்தக் கட்டுரையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் இருந்தால் அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.